மழைமேல் விழுந்த பழி: ஒரு மாங்கனீசு ஆக்சைடு தொகுதி ஏன் மின்னூட்டம் பிடிக்கவில்லை?

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் சூப்பர் கெப்பாசிட்டருக்காக (மின்னூட்டத்தை வேகமாகச் சேமித்து வேகமாகத் திருப்பித் தரும் கருவி) மாங்கனீசு டை ஆக்சைடு நுண்கம்பிகள் வளர்த்து வந்தார்கள். பிப்ரவரியில் வளர்த்த தூள் நன்றாக மின்னூட்டம் பிடித்தது. ஜூன் கடைசியில், எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) வலுத்த பிறகு எடுத்த தூள் ஏறக்குறைய ஒன்றுமே பிடிக்கவில்லை. கடல் காற்று, ஈரம், உப்பு என்று கைகாட்ட இந்த மாவட்டத்தில் எப்போதும் ஏதாவது இருக்கும். பழி நேராக மழைமேல் விழுந்தது. மழைக்கும் இதில் பங்கு இருந்தது, ஆனால் அவர்கள் தேடிய இடத்தில் இல்லை.

ஒரே சேர்மம், வேறு வேறு புழை

மாங்கனீசு டை ஆக்சைடு பெயரளவில் ஒன்றுதான். படிகத்தில் அது பல உருவம் எடுக்கும். ஒரு மாங்கனீசைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் நிற்கும் எண்முகிகள் சங்கிலியாகக் கோத்து, நடுவே நீளமான புழைகளை விட்டு அடுக்குகின்றன. ஆல்ஃபா வடிவில் பக்கத்துக்கு இரண்டு சங்கிலி. புழையின் அகலம் சுமார் 4.6 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). பீட்டாவில் பக்கத்துக்கு ஒன்றே, அகலம் 1.9 ஆங்ஸ்ட்ராம் அளவுதான். டெல்டாவில் புழையே கிடையாது, 7 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் தகடு தகடாக நிற்கும்.

மின்னூட்டம் ஏற, சோதனைக் கரைசலில் உள்ள சோடியம் அயனி புழைக்குள் போக வேண்டும். தண்ணீர் உறையைக் கழற்றிப் போட்ட சோடியம் அயனியின் விட்டமே 2 ஆங்ஸ்ட்ராமுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆகவே பீட்டாவின் உள்ளே அது போகாது. கம்பியின் மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு திரும்பும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து 2008இல் வந்த ஒப்பீட்டில் ஆல்ஃபாவுக்குக் கிராமுக்கு 240 ஃபாரட் (மின்னூட்டம் பிடிக்கும் திறனின் அலகு), டெல்டாவுக்கு 236, பீட்டாவுக்கு வெறும் 9. வேதியியல் வாய்பாடு எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதை நினைவில் வைத்து அந்த எண்களைப் படிக்க வேண்டும். (மாங்கனீசு ஆக்சைடு நடுநிலை உப்புக் கரைசலில் கெப்பாசிட்டராக நடந்துகொள்ளும் என்று 1999இல் காட்டிய இருவரில் ஒருவர் ஜான் குட்இனஃப். லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019இல் நோபல் வாங்கியவரும் அவரேதான்.)

ஆல்ஃபாவின் அகலமான புழை தானாகத் திறந்து நிற்காது. வளரும்போதே உள்ளே பொட்டாசியம் அயனி உட்கார்ந்திருக்க வேண்டும். அதன் விட்டம் 2.7 ஆங்ஸ்ட்ராம்; ஓட்டு வீட்டு உத்தரத்துக்குக் கொடுக்கும் முட்டு மாதிரி அது புழையைத் தாங்குகிறது. இந்த ஆய்வகத்தில் நடந்த கோளாறின் வேர் இதுதான்.

பிப்ரவரியில் செய்த முறை

பாத்திரம்: 100 மில்லி டெஃப்லான் கிண்ணம், அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை, திருகு மூடி. பொட்டாசியம் பெர்மாங்கனேட் 1.58 கிராம் (10 மில்லிமோல்) எடுத்து 40 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்தார்கள். மாங்கனீசு சல்ஃபேட் மோனோஹைட்ரேட் 0.676 கிராம் (4 மில்லிமோல்) தனியாக 30 மில்லி நீரில். காந்தக் கலக்கி ஓடிக்கொண்டிருக்க, சல்ஃபேட் கரைசலைப் பத்து நிமிடத்தில் துளித்துளியாக விட்டு, பிறகு அரை மணி நேரம் கலக்கினார்கள். முதல் துளியிலேயே பழுப்புக் கலங்கல் வரும். அது ஒழுங்கில்லாத மாங்கனீசு ஆக்சைடு. சூட்டிலும் அழுத்தத்திலும் அது கரைந்து, மறுபடி ஒழுங்காகப் படிந்துதான் கம்பி வளர்கிறது. அடுத்து 140 டிகிரி ஓவனில் 12 மணி நேரம்.

சல்ஃபேட் பாட்டிலின் லேபிளை ஒருமுறை வாசித்துவிட்டு எடைபோட வேண்டும். மோனோஹைட்ரேட்டின் மூலக்கூறு எடை 169, டெட்ராஹைட்ரேட்டுக்கு 223. டெட்ரா என்றால் அதே 4 மில்லிமோலுக்கு 0.892 கிராம். பெர்மாங்கனேட்டும் பகுப்பாய்வுத் தரமாக இருக்கட்டும். கிணற்றில் போட மருந்துக்கடையில் வாங்குகிற பொட்டலம் இதற்கு ஆகாது.

70 மில்லிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 140 டிகிரியில் நீராவி அழுத்தம் 3.6 பார். ஆனால் இங்கே நீராவி மட்டும் இல்லை. மிச்சமான பெர்மாங்கனேட் சூட்டில் உடைந்தால் ஆக்சிஜன் வரும். மிச்சம் 7.3 மில்லிமோல் முழுவதும் உடைந்ததாக வைத்தால் 5.5 மில்லிமோல் ஆக்சிஜன். 70 மில்லி நீர் அந்தச் சூட்டில் 75 மில்லிக்கு மேல் விரியும், காலியிடம் 24 மில்லியாகச் சுருங்கும். ஆக்சிஜனின் அழுத்தம் மட்டும் எட்டு பாரை ஒட்டி வரும். அடைபட்ட காற்றையும் சேர்த்தால் 13 பார் அளவு. 3 மெகாபாஸ்கல், அதாவது 30 பார் தாங்கும் என்று விற்கப்படும் பாத்திரத்துக்கு இது பிரச்சினை இல்லை. அதே பாத்திரத்தில் 90 மில்லி ஊற்றினால் நீர் 97 மில்லியாகி, வாயு நிற்க இடமே இருக்காது. மூடி பிதுங்குவது அப்படித்தான்.

ஓவனை அணைத்த பிறகு பாத்திரம் உள்ளேயே ஆறட்டும். பச்சைத்தண்ணீர் ஊற்றி ஆறவைப்பதும், இளஞ்சூட்டில் திருகிப் பார்ப்பதும் வேண்டாம். திறந்தால் அடியில் கரும்பழுப்புக் குழைவு, மேலே ஊதா நீர். அந்த ஊதாவைக் கவனத்தில் வையுங்கள். கதை அங்கேதான் திரும்பியது.

கழுவும் வரிசைக்கும் காரணம் உண்டு. ஊதா போகும்வரை வெறும் நீர். அதற்குப் பிறகுதான் எத்தனால். பெர்மாங்கனேட் மிச்சமிருக்கும்போது எத்தனாலை ஊற்றினால், அது எத்தனாலை ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டு ஒழுங்கற்ற பழுப்பு ஆக்சைடாக நம் கம்பிமேலேயே படியும். கழுவிய நீரில் இரண்டு சொட்டு பேரியம் குளோரைடு விட்டுப் பார்க்கலாம். வெள்ளைக் கலங்கல் வராவிட்டால் சல்ஃபேட் போய்விட்டது. நிமிடத்துக்கு 4000 சுற்று சென்ட்ரிஃபியூஜில் நான்கைந்து தடவை போதும். பிறகு 80 டிகிரியில் ராத்திரி முழுக்க உலர்த்தினால், பெர்மாங்கனேட் எவ்வளவு உடைந்தது என்பதைப் பொறுத்து 0.58 கிராமுக்கும் 1.2 கிராமுக்கும் நடுவே தூள் கிடைக்கும்.

ஜூனில் கண்டது

சோதனை முறை மாறவில்லை: ஒரு மோலார் சோடியம் சல்ஃபேட் (100 மில்லிக்கு 14.2 கிராம்), சில்வர்–சில்வர் குளோரைடு ஒப்பு மின்வாய் (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க), பிளாட்டினம் துணை மின்வாய், 0 முதல் 0.9 வோல்ட் வரை. கிராமுக்கு அரை ஆம்பியரில் பிப்ரவரித் தூளின் மின்னூட்டம் இறங்க ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. கணக்கிட்டால் கிராமுக்கு 160 ஃபாரட் அளவு. ஜூன் தூள் அரை நிமிடத்துக்குள் காலி. சுழல் மின்னழுத்த வரைபடத்திலும் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைவது; நல்ல கெப்பாசிட்டருக்குச் செவ்வகமாக வரும்) பழைய தூள் செவ்வகத்தை ஒட்டி வரைந்தது, புதியது வேப்பிலை போல ஒடுங்கிக் கிடந்தது.

எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் குழப்பத்தைக் கூட்டியது. இரண்டிலும் கம்பிகள். புதியதில் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவே. ‘படிகம் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது, ஈரம்தான் கெடுத்திருக்கிறது’ என்ற முடிவுக்கு அந்தப் படம் துணைபோனது. கம்பி என்பது வெளி உருவம் மட்டுமே. உள்ளே எந்தப் புழை என்று நுண்ணோக்கி சொல்லாது.

தண்ணீரும் கரண்டும்

முதலில் தண்ணீரைச் சோதித்தார்கள். நியாயமான சந்தேகம். மணக்குடி, குளச்சல் பக்கத்துக் கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறுவது யாருக்கும் புதிதில்லை. பேட்டரிக் கடையில் ‘டிஸ்டில்டு வாட்டர்’ என்று கிடைப்பதும் எல்லா நாளும் ஒரே தரமில்லை. குளோரைடு இருந்தால், அமிலச் சூழலில் பெர்மாங்கனேட் அதைக் குளோரினாக்கித் தன் வலுவை இழக்கும். மோல் கணக்கு ஓசையில்லாமல் மாறிவிடும். சோதனை எளிது: 5 மில்லி நீரில் நீர்த்த நைட்ரிக் அமிலம் சில சொட்டு, பிறகு 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு. கறுப்புத் தாளை முதுகில் பிடித்துப் பார்த்தால் லேசான பால் நிறம்கூடத் தெரியும். இங்கே தெளிவாகவே இருந்தது.

அடுத்து கரண்ட். தென்மேற்குப் பருவத்தில் மரக்கிளை ஒடிந்து கம்பியில் விழுவதும், ஓவன் நடுராத்திரியில் நிற்பதும் வாடிக்கை. அரைகுறையாக நின்ற தொகுதியில் இடைநிலை வடிவங்கள் கலந்திருக்கும். ஓவன் இணைப்பில் ஒரு ஹவர் மீட்டர் மாட்டினால் எவ்வளவு நேரம் உண்மையில் ஓடியது என்று காலையில் தெரியும். இவர்களுக்கு இன்வெர்ட்டர் இருந்தது. 12 மணி நேரமும் ஓடியிருந்தது.

ஈரம் என்ற வாதம் இந்தக் கட்டத்தில் நிற்கவே நிற்காது. 70 மில்லி தண்ணீருக்குள், மூடித் திருகிய பாத்திரத்தில் வளரும் படிகத்துக்கு வெளியே மழையா வெயிலா என்று தெரிய வழியில்லை.

20 டிகிரியில் தொடங்கிய வரைபடம்

எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, படிகத்தின் உள் அமைப்பை முகடுகளாகக் காட்டும் சோதனை) வசதி உள்ளே இல்லாததால் இரண்டு தூளையும் வெளியே அனுப்பியிருந்தார்கள். படிவத்தில் ‘இரண்டு தீட்டா 20 முதல் 80’ (கதிர் திரும்பும் கோணம், டிகிரியில்) என்று எழுதியிருந்தது. பல பொருள்களுக்கு அது போதும், பழக்கத்தில் எல்லோரும் எழுதுவதும் அதுதான். திரும்பி வந்த இரண்டு வரைபடத்திலும் 28.7 டிகிரி அருகில் ஒரு முகடு, 37.4 அருகில் ஒரு முகடு. இரண்டுக்கும் ‘மாங்கனீசு டை ஆக்சைடு’ என்றே குறிப்பு. குறிப்பில் தவறில்லை.

தாமிரக் கதிரில் ஆல்ஃபாவின் அடையாள முகடுகள் 12.7 டிகிரியிலும் 18.1 டிகிரியிலும் வரும். அணுத்தள இடைவெளி முறையே சுமார் 6.9, 4.9 ஆங்ஸ்ட்ராம். பீட்டாவில் 28.7க்குக் கீழே ஒன்றுமே இல்லை. 28.7ம் 37.4ம் இருவருக்கும் பொது. ஆகவே 20இல் தொடங்கும் வரைபடம், வித்தியாசம் தெரியும் பகுதியை வெட்டிவிட்டுத் தருகிறது. மேலே போனால் 42.8, 56.7 இரண்டும் பீட்டா பக்கம், 41.9, 49.8, 60.2 ஆல்ஃபா பக்கம். கூர்ந்து பார்த்திருந்தால் அதிலேயே கண்டுபிடித்திருக்கலாம்தான். ஆனால் நுண்கம்பிகளின் முகடு அகன்றும் தாழ்ந்தும் இருக்கும், கண் தவறுவது எளிது. டெல்டாவும் 12.4 அருகில் முகடு காட்டும், கூடவே 25ஐ ஒட்டி இன்னொன்று. ஆகவே 12லிருந்து 13க்குள் ஏதோ தெரிகிறது என்பதோடு நிற்காமல் 18.1 இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

5 டிகிரியிலிருந்து மறுபடி எடுத்ததும் பிப்ரவரித் தூளில் 12.7ம் 18.1ம் நிமிர்ந்து நின்றன. ஜூன் தூளில் அந்த இடம் தட்டை. அது பீட்டா.

மிச்சமான ஊதா

இடையில் என்ன மாறியது? எடைக் குறிப்பேட்டில் விடை இருந்தது. ஒவ்வொரு முறையும் ஊதா நீர் மிஞ்சிச் சாக்கடைக்குப் போவதைப் பார்த்து, பெர்மாங்கனேட் வீணாகிறது என்று நினைத்திருக்கிறார்கள். சமன்பாட்டைச் சமன் செய்தால் இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு மூன்று சல்ஃபேட். ஐந்து மாங்கனீசு டை ஆக்சைடு, ஒரு பொட்டாசியம் சல்ஃபேட், இரண்டு சல்ஃப்யூரிக் அமிலம். அதன்படி 0.632 கிராம் பெர்மாங்கனேட் (4 மில்லிமோல்), 1.014 கிராம் சல்ஃபேட் (6 மில்லிமோல்) என்று மாற்றினார்கள். கண்ணுக்கு எல்லாம் திருத்தமாக வந்தது: மேல்நீர் நிறமற்றுத் தெளிந்தது, கழுவுவது சுலபமானது, தூளும் கணக்குப்படி 0.87 கிராமை ஒட்டி ஒரே சீராகக் கிடைத்தது. மாற்றிய வாரமும் மழை தொடங்கிய வாரமும் ஒன்றாகப் போனதுதான் கெட்ட நேரம்.

சமன்பாடு மாங்கனீசைத்தான் கணக்கில் வைக்கிறது. புழையை யார் தாங்குவது என்று அது கேட்பதில்லை. பழைய முறையில் பொட்டாசியம் லிட்டருக்கு 0.14 மோல், புதியதில் 0.057. அதோடு அமிலமும் கூடியது. 4 மில்லிமோல் சல்ஃப்யூரிக் அமிலம் 70 மில்லியில் என்றால் பிஎச் தாள் 1ஐ ஒட்டிக் காட்டும். பழைய முறையில் உருவாகும் 2.7 மில்லிமோல் அமிலத்தில் ஒரு பகுதியை, மிச்சப் பெர்மாங்கனேட் உடையும்போது வரும் காரம் தின்றுவிடும். பொட்டாசியம் குறைவு, அமிலம் கூடுதல், இரட்டை நேர்மின்சுமை கொண்ட மாங்கனீசு அயனி தாராளம்: மூன்றும் சேர்ந்தால் பீட்டாவுக்கு விரித்த பாய்தான். 2.5க்கு 1 என்ற விகிதம் ஆல்ஃபாவுக்கு, 2க்கு 3 பீட்டாவுக்கு என்பது இந்தத் துறையில் இருபதாண்டுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. பெர்மாங்கனேட்டை மிகவும் ஏற்றி 6க்கு 1 என்று போனால் டெல்டா பக்கம் சாயும்.

ஜூலையில், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே, பழைய அளவில் மறுபடி வளர்த்தார்கள். அதற்கு முன் டெஃப்லான் கிண்ணத்தின் பழுப்புக் கறையைப் போக்கியாக வேண்டும். ஒட்டியிருக்கும் பீட்டாத் துகள் அடுத்த தொகுதிக்கு விதையாகலாம். பிரஷ் போட்டுத் தேய்த்தால் டெஃப்லானில் கீறல் விழும், கீறலில் கறை இன்னும் பிடிக்கும். ஆக்சாலிக் அமிலக் கரைசலில் நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலம் சில சொட்டு சேர்த்து இளஞ்சூட்டில் ஊறவைத்தால் கறை தானே கரைந்து போகும். புதிய தூளில் 12.7ம் 18.1ம் திரும்ப வந்தன.

செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு: பெர்மாங்கனேட்டைக் குறைத்து, விட்டுப்போன பொட்டாசியத்தைப் பொட்டாசியம் சல்ஃபேட்டாகச் சேர்ப்பது. ஆனால் அமிலம் அப்படியே இருக்கும். 5 டிகிரியிலிருந்து எடுத்த எக்ஸ்ஆர்டி கையில் இல்லாமல் அந்தத் தூளை ஆல்ஃபா என்று அழைக்க வேண்டாம். மிஞ்சும் ஊதா நீரையும் அப்படியே ஊற்றிவிடாமல், கொஞ்சம் ஆக்சாலிக் அமிலம் போட்டு நிறம் போன பிறகு, மற்றக் கழிவோடு சேர்க்கலாம்.

மழையின் உண்மையான பங்கு

ஆல்ஃபா கிடைத்தும் சிக்கல் முழுக்கத் தீரவில்லை. மின்வாய்ப் பூச்சு உரிந்தது. இங்கேதான் ஈரம் உள்ளே வருகிறது.

பூச்சுக் குழம்பு வழக்கமானது: ஆக்சைடு 80 மில்லிகிராம், மின்சாரம் கடத்த அசிட்டிலின் கரி 10, ஒட்டவைக்கும் பிளாஸ்டிக்கான பிவிடிஎஃப் 10, அதைக் கரைக்கும் திரவமாக என்எம்பி அரை மில்லிக்குள். என்எம்பி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பிவிடிஎஃப் தண்ணீரில் கரையாது. ஈரம் ஏற ஏறப் பிவிடிஎஃப் கரைசலைவிட்டுப் பிரிந்து திரள ஆரம்பிக்கும். அகேட் உரலில் அரைக்கும்போதே அறிகுறி தெரியும்: பளபளப்பாக வழிய வேண்டிய குழம்பு மங்கி, கரண்டியைத் தூக்கினால் நூல் இழுக்காமல் கட்டியாக அறுந்து விழும். பூசிய பிறகு ஓரத்தில் சாம்பல் வெளுப்பு. உலர்ந்தால் சுண்ணாம்புச் சுவர் போலத் தூள் உதிரும். கரைசலில் முக்கியதும் செதில் செதிலாகக் கழன்று மிதக்கும்.

சரிசெய்ய ஏ.சி. அறை கட்டாயமில்லை. என்எம்பி பாட்டிலில், 300 டிகிரியில் சூடேற்றி ஆறிய 4 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடை மணிகளை (ஈரத்தை உறிஞ்சுபவை)ப் போட்டு ஒருநாள் மூடி வைக்க வேண்டும். ஆக்சைடையும் கரியையும் 110 டிகிரியில் உலர்த்தி, சூடு முழுக்க ஆறுமுன் டெசிக்கேட்டருக்கு (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) மாற்ற வேண்டும். கிராஃபைட் தாளை 60 டிகிரிக்குச் சூடாக்கிப் பூசி, உடனே 80 டிகிரி வெற்றிட ஓவனுக்குள் தள்ள வேண்டும். இதுவும் முடியாத நாளில் பிவிடிஎஃபை விட்டுவிடலாம். 80:15:5 என்ற எடையில் ஆக்சைடு, கரி, டெஃப்லான் பால். ஐசோபுரோப்பனால் விட்டுப் பிசைந்து, சப்பாத்தி மாவு பதத்தில் உருட்டித் தட்டி, ஸ்டீல் வலையில் அழுத்தினால் போதும். அதற்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை. நிக்கல் ஃபோமை (பஞ்சு போன்ற நிக்கல் தகடு) மட்டும் தவிர்க்கவும். காரக் கரைசலில் அதன் மேல் உள்ள நிக்கல் ஹைட்ராக்சைடே நன்றாக மின்னூட்டம் பிடிக்கும். அந்தக் கணக்கு உங்கள் ஆக்சைடின் பெயரில் ஏறிவிடும்.

எடையிலும் ஈரம் விளையாடும். ஒரு சதுர செ.மீ.யில் பூசுவது ஒரு மில்லிகிராம்தான். 0.1 மில்லிகிராம் தராசில் அதை நிறுத்தால் பத்துச் சதவீதப் பிழை கையிலேயே இருக்கிறது, அதோடு உறிஞ்சிய நீரும் சேரும். 0.01 மில்லிகிராம் தராசு, டெசிக்கேட்டரிலிருந்து எடுத்த உடன் எடை: இரண்டும் வேண்டும்.

இன்னொன்று, முதலைக் கிளிப். கடல் காற்றில் அதன் பல்லில் பச்சையும் துருவும் ஏறும். தொடுமிடத்தில் 20 ஓம் தடை இருந்தால், 10 மில்லி ஆம்பியரில் ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்குத் திரும்பும் கணத்தில் 0.4 வோல்ட் ஒரே குத்தாகச் சரியும், 0.9 வோல்ட் வீச்சில் பாதிக்குப் பக்கம் அதிலேயே போய்விடும். பொருள் மட்டம் என்று எழுதுவதற்கு முன் மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், பல்லை உப்புத்தாளால் தேயுங்கள்.

செல் கட்டும்போது

இரு முனையும் சேர்ந்த முழுச் செல்லில் ஆக்சைடு நேர்முனை; எதிர்முனைக்கு இவர்கள் எடுத்தது தேங்காய்ச் சிரட்டைக் கரி. இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. மணவாளக்குறிச்சி மணலில் டைட்டானியம் தாது உண்டு, மாங்கனீசைத்தான் பாட்டிலில் வாங்க வேண்டும்.

இரு முனையும் ஒரே அளவு மின்னூட்டம் வாங்கும்படி எடையைப் பொருத்த வேண்டும். கரிக்குக் கிராமுக்கு 120 ஃபாரட், ஆக்சைடுக்கு 160, இருவருக்கும் 0.9 வோல்ட் வீச்சு என்றால் ஆக்சைடு–கரி எடை விகிதம் 0.75. 4 மில்லிகிராம் கரிக்கு 3 மில்லிகிராம் ஆக்சைடு. அந்த 3 மில்லிகிராம் பீட்டாவாக இருந்து கிராமுக்கு 15 ஃபாரட்தான் தந்தால், கரி ஏற்கும் 0.43 கூலோம்பை வாங்க அதற்கு 9 வோல்ட்டுக்கு மேல் ஏற வேண்டும். நடக்காத காரியம், நேர்முனை உடனே 0.9 வோல்ட்டைத் தாண்டி ஆக்சிஜன் குமிழ் விடும்.

அதனால் புதிய தொகுதியில் செல்லை எடுத்த எடுப்பில் 1.8 வோல்ட்டுக்கு ஏற்றுவதில்லை. ஒப்பு மின்வாயைச் செல்லுக்குள்ளேயே வைத்து, 1.2இல் தொடங்கி 0.2 வோல்ட்டாக ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நேர்முனையின் அழுத்தத்தைத் தனியாகக் குறிக்க வேண்டும். அது 0.9ஐத் தொடும் படியே அந்தச் செல்லுக்கு எல்லை. 1.8க்கு முன்பே தொட்டுவிட்டால், ஆக்சைடின் எடையைக் கொஞ்சம் கூட்டி மறுபடி கட்ட வேண்டும்.